மிதி, புடி, விடு

பெரிய டிஸ்க், பெரிய காலிப்பர்,
உக்கடத்துக் கடைகளில் அலசி எடுத்தது எல்லாம்.
மாட்டிய மறுநாள்
ஆழியாறு செக்போஸ்ட் வரை போய்த் திரும்பினேன்.
வண்டி நின்றது, நிற்காமல் இல்லை.
பெடல்தான்
ஊறப்போட்ட தேங்காய் மட்டையை மிதித்த மாதிரி
முக்கால்வாசி உள்ளே போய்
அதற்கப்புறம் யோசித்தது.

மேலே நாற்பது வளைவு இருக்கிறது.
திங்கள்தோறும் நான் ஏறியாக வேண்டும்,
வால்பாறையில் ஏழாம் வகுப்புக்குப்
பின்னம் நடத்த.

பிரேக்கில் காற்றெடுக்க இரண்டு பேர் வேண்டும்.
உள்ளே ஒரு கால். வெளியே ஒரு ஸ்பேனர்.
பட்டறைப் பையன்
ஆனைமலைக்குக் குண்டம் பார்க்கப் போய்விட்டான்.
என் வீட்டுக்காரருக்கு முட்டி மடங்காது.
ஆக, உள்ளே நான்.
வெளியே திருமூர்த்தி,
என் உடன்பிறந்தவன்.
தோப்பை ரெண்டாக்கிக் கையெழுத்துப் போட்ட நாளில்
சார்பதிவாளர் ஆபீஸ் படியில் முடிந்த பேச்சு,
வருகிற ஆடிக்கு நாலு வருஷம்.

"மிதி" என்றான், சக்கரத்தைப் பார்த்து.
மிதித்தேன்.
"ஊக்கமா."
இன்னும் மூன்று தரம்.
"புடி."
பிடித்துக்கொண்டேன். அதைச் சொல்ல வாய் வராமல்
ஹாரனில் ஒரு தட்டு.
பக்கத்துக் களத்தில் கோழிகள் சிதறின.
அவன் நிப்பிளைத் திறக்க
பெடல் என் பாதத்தைக் கூட்டிக்கொண்டு
தரை வரை போனது.
"விடு."

மிதி. புடி. தட்டு. விடு.
மிதி. புடி. தட்டு. விடு.
ஒரு புட்டி ஆயில் தீர்ந்தது.
இன்னொன்றும் தீர்ந்தது.
டியூபில் குமிழே இல்லை,
பெடல் மட்டும் அதே ஊறின மட்டை.
மூன்றாவது புட்டி வாங்க அவன் டவுனுக்குக் கிளம்பினான்.
சொல்லிக்கொள்ளாமல்தான்.

கீழே இறங்கிக் குனிந்து பார்த்தேன்.
காலிப்பரின் அடிப்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது நிப்பிள்,
பசுவின் காம்பு மாதிரி.

கிணற்று மோட்டாரில் காற்றடைத்தால் என்ன செய்வோம்?
மேட்டுப்பக்கத்துத் திருகைத் தளர்த்துவோம்.
காற்று எப்போது கீழே இறங்கியிருக்கிறது?
இரண்டு புட்டி ஆயிலும் அடிவழியாக ஓட
அது உச்சியில் உட்கார்ந்திருக்கிறது,
நோகாமல்.

டிவிஎஸ் சத்தம் கேட்டது. அவன்தான்.
இதற்கு ஹாரன் போதாது.

"மாத்தி மாட்டிருக்குது."
"எது?"
"எடதுது வலதுல. வலதுது எடதுல."

அவன் குனிந்தான். வெகுநேரம் நிமிரவில்லை.
காது மடல் சிவந்தது எனக்குத் தெரிந்தது.
அப்பாவுக்கும் அப்படித்தான் சிவக்கும்.
பிறகு ஜாக்கியை இழுத்துப் போட்டான்,
ஒன்றும் சொல்லாமல்.
பதினான்காம் நம்பர் ஸ்பேனரை நான் எடுத்து நீட்டியபோது
வாங்கிக்கொண்டான், அவ்வளவுதான்.

மாற்றி மாட்டியபின் முதல் திறப்பிலேயே
புஸ்ஸென்று ஒரு சத்தம்,
டியூப் முழுக்க வெள்ளையாய்.
நாலாவது மிதிக்கு
என் காலடியில் ஏதோ எழுந்து நின்றது.
"புடிச்சிருக்கறேன்" என்று சொல்லிவிட்டேன்,
ஹாரன் ஞாபகம் வருவதற்குள்.

சும்மா இருந்திருக்கலாம். எனக்கோ வாத்தியார் புத்தி.
"இன்னும் ஒரு விரக்கடை எச்சா எறங்குது."

கையை வேஸ்ட்டில் துடைத்தபடி சொன்னான்,
இந்த முறையும் சக்கரத்திடம்தான்:
"காலிப்பர் பெருசு. மாஸ்டர் சிலிண்டர் பழசு.
சொம்புல மொண்டு அண்டாவ ரொப்பறாப்பல.
பெருசு ஒண்ணு தேடோணும்.
அதுமுட்டும் ரெண்டாங் கியர்லயே எறங்கு."

அத்தனை சொல்லையும் எண்ணிக்கொண்டே
ஆழியாறு ரோட்டில் அறுபதிலிருந்து இருபதுக்கு
எட்டுத் தடவை இறக்கினேன்,
புது பேடு படிய வேண்டுமே.
பேடு கருகும் வாடை கார் முழுக்க.
கண்ணாடியை இறக்கிவிட்டேன்.
இடது பக்கம் லேசாக இழுக்கிறதோ என்று
ஒரு சந்தேகம்.
இழுக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.
ஞாயிற்றுக்கிழமை சொல்ல வேண்டும்.